300 மில்லியன் டாலர் கொட்டி ஒரே ஆள் விளையாடும் ஓப்பன் வேர்ல்ட் கேம்: கட்டுப்படியாகுமா?

ரோச்சின்_லாடம் (இழையைத் தொடங்கியவர்)

சைபர்பங்க் 2077ஐ மூன்றாவது முறையாக முடித்த கையோடு எழுதுகிறேன். ஓப்பன் வேர்ல்ட் கேம், அதாவது ஊர் முழுக்க இஷ்டம்போல் சுற்றலாம். கடைசி மிஷனுக்குப் போக மனமில்லாமல் அதன் நகரமான நைட் சிட்டியில் ஒரு மணி நேரம் சும்மா நடந்துகொண்டிருந்தேன். ஒரு சந்தில் சாப்பாட்டுக் கடை. அடுப்பிலிருந்து ஆவி, மேசையில் சாஸ் பாட்டில்கள், சுவரில் கிழிந்த போஸ்டர் மேல் இன்னொரு போஸ்டர். அந்தச் சந்தில் எந்த மிஷனும் கிடையாது. விளையாடுகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். ஆனாலும் யாரோ ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து அந்த சாஸ் பாட்டில்களைச் செய்ய வைத்திருக்கிறார்கள்.

அங்கே நின்றபோதுதான் கேள்வி வந்தது. ஒருமுறை காசு கொடுத்து வாங்குகிறேன். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் விளையாடினாலும் என்னிடமிருந்து ஒரு பைசா பெயராது. ஸ்கின் (பாத்திரத்துக்கு வேறு உடை) கிடையாது, பேட்டில் பாஸ் (பரிசுகளுக்காக சீசன்தோறும் கட்டும் காசு) கிடையாது. இதைச் செய்த அதே வார்சா கம்பெனி, போலந்தின் சிடி ப்ராஜெக்ட், 2015இல் விட்சர் 3ஐ விளம்பரச் செலவும் சேர்த்து சுமார் 81 மில்லியன் டாலரில் முடித்தது. ஐந்தே வருடம் கழித்து சைபர்பங்க்குக்கு ஆன செலவு 300 மில்லியனுக்கும் மேல். விலை மட்டும் அப்போதும் 60 டாலர், இப்போதும் 60 டாலர்.

இது எத்தனை நாள் ஓடும்? கணக்குத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை

வந்துவிட்டேன்.

முதலில் இந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். நிறையப் பேர் மோஷன் கேப்சர் (நடிகர்களின் அசைவைப் பதிவு செய்வது), ஹாலிவுட் நடிகர் என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் மேல்செலவு. பெரிய தொகை சம்பளம்தான். கலிஃபோர்னியாவில் 300 பேர் கொண்ட ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம், காப்பீடு, வாடகை, மென்பொருள் உரிமம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 15,000 டாலர் என்று போடுவோம். மாதத்துக்கு 45 லட்சம் டாலர். ஐந்து வருடத்துக்கு 270 மில்லியன். இன்னும் ஒரு டிரெய்லர்கூட வெளியிடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

இது என் மனக்கணக்கு. நிஜக் கணக்கும் வெளியே வந்திருக்கிறது. 2023இல் ஆக்டிவிஷன் என்ற கேம் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கும் வழக்கில் சோனி நீதிமன்றத்துக்குக் கொடுத்த ஆவணத்தில் ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் மை வழியாக எழுத்து தெரிந்துவிட்டது. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் 212 மில்லியன், லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2 220 மில்லியன். ஆயிரக்கணக்கான கோடி புரளும் வழக்கில் பத்து ரூபாய் மார்க்கர் காலை வாரிவிட்டது.

அதே வருடம் டிசம்பரில் இன்சோம்னியாக் ஸ்டூடியோவை ஹேக் செய்தார்கள். அதில் கசிந்த தாள்களின்படி ஸ்பைடர்மேன் 2 பட்ஜெட் 315 மில்லியன் டாலர். முழு விலையில் சுமார் 72 லட்சம் காப்பி விற்றால்தான் முதல் தேறும். வகுத்துப் பாருங்கள்: 70 டாலர் கேமில் கைக்கு வருவது சுமார் 44 டாலர். மீதி கடைக்காரர், டிஸ்க், மார்வெலுக்கு ராயல்டி என்று கரைகிறது.

அந்த கேம் ஆறே மாதத்தில் 1.1 கோடி விற்றது. நட்டமில்லை. ஆனால் 50 லட்சம் விற்றிருந்தால் "பிளாக்பஸ்டர்" என்று போஸ்டர் ஒட்டிக்கொண்டே உள்ளுக்குள் அழுதிருப்பார்கள். அந்த இடம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

---

பழைய_டிஸ்க்

இவ்வளவு செலவு பண்ணச் சொல்லி யார் அழுதார்கள்? நான் பர்மா பஜார் டிஸ்க்கில் வைஸ் சிட்டி என்ற பழைய ஜிடிஏ கேம் விளையாடி வளர்ந்தவன். அந்த ஊரில் தெருவுக்கு நாலு கார், அதில் இரண்டு ஒரே கார். யாரும் குறை சொல்லவில்லை.

சோனியில் பெரிய பதவியில் இருந்த ஷான் லேடன் 2020லேயே சொன்னார், ஒவ்வொரு கன்சோல் தலைமுறைக்கும் செலவு இரண்டு மடங்காகிறது, இது தாங்காது என்று. 12 முதல் 15 மணி நேர கேம்களுக்குத் திரும்பலாமே என்றும் கேட்டார். யார் கேட்டது?

என்னைப் பொறுத்தவரை எதையும் முதல் நாள் வாங்குவதில்லை. டிஸ்க் என்றால் செகண்ட் ஹேண்ட், ஸ்டீம் (கணினி கேம்களின் ஆன்லைன் கடை) என்றால் சேல். பிஎஸ்5 கேமுக்கு 4,999 ரூபாய் கொடுத்தால் வீட்டில் எனக்கு அன்றைக்குச் சோறு கிடையாது.

---

கணக்குப்பிள்ளை

செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கில் கம்பெனிக்குப் போவது பூஜ்யம், தல. சும்மா சொல்லி வைக்கிறேன்.

---

பழைய_டிஸ்க்

தெரியும் ஜி. என் பூஜ்யம் என்னோடு இருக்கட்டும்.

---

பாலிகான்_கூலி

இழை தொடங்கியவர் சாஸ் பாட்டில் பற்றி எழுதியதால் உள்ளே வருகிறேன். இந்தக் கேம்களுக்கு முப்பரிமாணப் பொருள்கள் செய்துகொடுக்கும் ஒரு ஆர்ட் ஸ்டூடியோவில் எட்டு வருடமாக வேலை. எந்த கேம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

ஒருமுறை ஒரு முடிதிருத்தும் நாற்காலி வந்தது. முதலில் நிஜ நாற்காலிகளின் படம் சேர்க்க வேண்டும், நாற்பது ஐம்பது படம். பிறகு அளவு மட்டும் காட்டும் வெறும் பெட்டி வடிவம். அது ஒப்புதலானதும் தோல் மடிப்பு, தையல், ஆணி எல்லாம் வைத்து லட்சக்கணக்கான முகங்களோடு (வடிவத்தை மூடும் குட்டிக் குட்டிப் பரப்புகள்) ஹைபாலி சிற்பம். அதை அப்படியே கேமில் போட்டால் மெஷின் மூச்சுவிடாது. அதனால் அதன்மேல் சில ஆயிரம் முகங்களில் ஒரு லோபாலி கட்டி, நுணுக்கங்களை நார்மல் மேப்பாக (மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் படம்) அதில் இறக்க வேண்டும். அப்புறம் யூவி விரிப்பது (படம் ஒட்ட மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது), டெக்ஸ்சர் என்ற அந்த மேற்பரப்புப் படம், தூரத்தில் தெரிவதற்கு மூன்று நான்கு எல்ஓடி (எளிமையாக்கிய பிரதிகள்), குண்டு பட்டால் நிற்க கொலிஷன்.

இவ்வளவும் முடித்து அனுப்பினேன். பதில் வந்தது: "கைப்பிடியில் தேய்மானம் நன்றாக இருக்கிறது. ஆனால் கால் வைக்கும் தகட்டில் தேய்மானம் இல்லையே?" நியாயமான கேள்வி. நாற்காலியில் உட்காருகிறவன் காலை எங்கே வைப்பான்? திருத்தி அனுப்பினேன். இரண்டாம் பதில்: "தரையில் கொஞ்சம் முடி சேர்ந்திருக்குமே?" மொத்தம் பதினோரு வேலை நாள்.

கேம் வந்த பிறகு வாங்கி அந்தக் கடையைத் தேடிப் போனேன். ஷட்டர் போட்டிருந்தது. கண்ணாடி வழியாகத் தெரிகிறது, உள்ளே போக முடியாது.

இப்படி ஒரு ஊருக்குப் பல ஆயிரம் பொருள். பழைய_டிஸ்க் சொல்கிற வைஸ் சிட்டி காலத்தில் அந்த நாற்காலி அரை நாள் வேலையாக இருந்திருக்கும். திரை கூர்மையாகக் கூர்மையாக வேலை பெருகுகிறது. ஓப்பன் வேர்ல்ட் என்றால் இன்னும் மோசம். கதையைக் காரிடாரில் நடத்துகிற கேமில் கேமரா எங்கே பார்க்கும் என்று தெரியும், முதுகுப்பக்கம் அட்டை வைத்துத் தப்பிக்கலாம். ஓப்பன் வேர்ல்டில் ஆட்டக்காரன் எங்கிருந்து எட்டிப் பார்ப்பான் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

---

ரோச்சின்_லாடம்

தம்பி, இந்த ஒரு பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண்போகவில்லை.

---

பாலிகான்_கூலி

தம்பி இல்லை. அக்கா.

---

ரோச்சின்_லாடம்

மன்னிக்கணும் அக்கா.

---

லாஸ்_சாண்டோஸ்_ஆட்டோ

எல்லாரும் கண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு ஜிடிஏ 5ஐப் பாருங்கள். 2013 செப்டம்பரில் வந்தது, மூன்றே நாளில் நூறு கோடி டாலர். 20 கோடி காப்பியைத் தாண்டி இன்னமும் விற்கிறது. ஏன்? ஆன்லைன். கேமுக்குள் செலவழிக்கும் பணத்தை நிஜக் காசுக்குக் கொடுக்கும் ஷார்க் கார்டு விற்றுக் காசு கொட்டியது. அதனால்தான் நாயகர்கள் மைக்கேல், டிரெவர், ஃப்ராங்க்ளினுக்குக் கதை டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் பகுதி) வரவேயில்லை. பத்து மணி நேரக் கதை எழுதி 20 டாலருக்கு விற்பதற்கு, ஒரு பறக்கும் பைக் செய்து ஆன்லைனில் விட்டால் போதுமே. முதலாளி இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன்.

சிங்கிள் பிளேயர் மட்டும் என்பது இனி கலைச்சேவை. வியாபாரம் இல்லை.

---

ரோச்சின்_லாடம்

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜிடிஏவைச் செய்த அதே ராக்ஸ்டாரின் ரெட் டெட் 2ஐ எடுங்கள். அதன் ஆன்லைன் படுத்துவிட்டது. 2022இல் பெரிய அப்டேட் இனி கிடையாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இருந்தும் கேம் 7 கோடி காப்பிக்கு மேல் போய்விட்டது. அந்த ஏழு கோடிப் பேரும் கதாநாயகன் ஆர்தர் மார்கன் இருமுவதைப் பார்க்க வந்தவர்கள். ஷார்க் கார்டு வாங்க இல்லை.

ஆன்லைன் என்றாலே பணம் கொட்டும் என்பதும் கதை. ஒரே கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். வார்னர் பிரதர்ஸ் 2023இல் ஹாக்வார்ட்ஸ் லெகசி விட்டது. ஓப்பன் வேர்ல்ட், ஒரே ஆள், கடையில் சட்டை விற்கும் வேலையில்லை. இரண்டு வாரத்தில் 1.2 கோடி காப்பி, 850 மில்லியன் டாலர். அடுத்த வருடம் சூசைட் ஸ்குவாட் வந்தது, நால்வர் சேர்ந்து விளையாடும் லைவ் சர்வீஸ், அதாவது விற்ற பிறகும் புதுச் சரக்கு விட்டுக் காசு பார்க்கும் வகை. 200 மில்லியன் டாலர் நட்டத்தில் எழுதினார்கள். சோனியின் கான்கார்ட் நினைவிருக்கிறதா? 2024 ஆகஸ்ட் 23 வெளியீடு, செப்டம்பர் 6 மூடுவிழா. வாங்கியவர்களுக்கெல்லாம் பணம் திரும்பிப் போனது.

லைவ் சர்வீஸ் லாட்டரிச் சீட்டு மாதிரி. ஜெயித்த ஒரு ஆளின் படத்தை மட்டும் கடை வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

---

லாஸ்_சாண்டோஸ்_ஆட்டோ

சரி, கான்கார்ட் பெயரை எடுத்தால் நான் வாயைத் திறக்க முடியாது. ஆனால் ஜிடிஏ 6 வரட்டும், 2026 நவம்பர் 19

---

மட்டுறுத்துநர்

ஜிடிஏ 6 தேதி, தள்ளிவைப்பு, டிரெய்லர் ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் தனி இழை இருக்கிறது. 214 பக்கம் ஓடிவிட்டது. அங்கே போங்கள்.

---

கணக்குப்பிள்ளை

இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

வெளியீட்டு வாரத்தை வைத்து இந்தக் கேம்களை எடைபோடுவதே தப்பு. சினிமாப் பழக்கம் நமக்கு, முதல் மூன்று நாள் வசூல் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. கேமுக்கு ஆயுள் வேறு மாதிரி. தென்னை மாதிரி. முதல் சில வருடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், காய்க்க ஆரம்பித்தால் உங்கள் பிள்ளைக்கும் காய்க்கும்.

சைபர்பங்க்கையே பாருங்கள். 2020 டிசம்பர் 10 வெளியீடு. ப்ரீ ஆர்டர் மட்டும் 80 லட்சம். அதில் டிஜிட்டலாக வந்த பணத்திலேயே தயாரிப்புச் செலவும் அந்த வருட விளம்பரச் செலவும் தேறிவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். பழைய கன்சோல்களில் ஓடவில்லை. எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்து கேமைத் தூக்கியது, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இவ்வளவு பெரிய கேமை அப்படித் தூக்கியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. திரும்பக் கடைக்கு வர அடுத்த ஜூன் ஆனது.

வேடிக்கை என்னவென்றால், 2020 அவர்களுக்கு அதுவரை இல்லாத லாப வருடம். நிகர லாபம் 115 கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்). ஊரே காறித் துப்பிய கேமில்! பங்குச் சந்தை மட்டும் ஏமாறவில்லை. 400 ஸ்லோட்டிக்கு மேல் இருந்த பங்கு 2022இல் நூறுக்கும் கீழே போனது. இந்த வருட லாபம் சரி, அடுத்த கேமை இவர்களை நம்பி எவன் முன்பணம் கட்டி வாங்குவான் என்று சந்தை கேட்டது.

அங்கேயே விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் விடவில்லை. பேட்ச் (பிழை திருத்தும் அப்டேட்) மேல் பேட்ச். 2022 செப்டம்பரில் இதே சைபர்பங்க் உலகில் நடக்கும் எட்ஜ்ரன்னர்ஸ் அனிமே நெட்ஃபிளிக்ஸில் வந்தது, கேம் மறுபடி உயிர்பெற்றது, அந்த மாதமே 2 கோடி. அடுத்த செப்டம்பரில் 2.0 பேட்ச்சும் ஃபேன்டம் லிபர்டி என்ற டிஎல்சியும். அந்த டிஎல்சி முதல் வாரத்திலேயே 30 லட்சம் விற்றது. 2025 நவம்பரில் மொத்தம் 3.5 கோடி.

அந்த முதல் பத்து நாளில் விற்றது 1.3 கோடி. அதாவது இன்னொரு 2.2 கோடி காப்பி எல்லாரும் "செத்தது" என்று எழுதிய பிறகு விற்றது. தள்ளுபடி, கடைக் கமிஷன் எல்லாம் போக ஒன்றுக்கு வெறும் 15 டாலர் கைக்கு வந்தது என்று வைத்தாலும் 330 மில்லியன். முதல் நாள் செலவு மொத்தமும் இன்னொரு முறை திரும்பி வந்துவிட்டது. நகரம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, சாஸ் பாட்டிலுக்கு மறுபடி யாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டாம்.

விட்சர் 3 இன்னும் நல்ல சாட்சி. 2023இல் 5 கோடி. வந்து எட்டு வருடம் ஆன கேம்.

---

உப்பளக்காற்று

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இன்றுதான் எழுதத் தோன்றியது. எல்லாரும் ஜெயித்த குதிரையை மட்டும் எண்ணுகிறீர்கள்.

ஃபோர்ஸ்போக்கன். 2023 ஜனவரி, ஸ்கொயர் எனிக்ஸ். சில மாதத்திலேயே அதைச் செய்த லூமினஸ் ஸ்டூடியோவைத் தாய்க் கம்பெனிக்குள் கரைத்துவிட்டார்கள். அதற்கு எட்டாவது வருடம் என்று ஒன்று வரவில்லை.

செயின்ட்ஸ் ரோ. 2022 ஆகஸ்டில் புதிதாக ஆரம்பித்த ஓப்பன் வேர்ல்ட். செய்தது வோலிஷன், 1993இலிருந்து இருந்த ஸ்டூடியோ. 2023 ஆகஸ்ட் 31 அன்று மூடினார்கள். முப்பது வருட அனுபவம் ஒரே நாளில் வேலை தேடிக் கிளம்பியது. அந்த கேம் மட்டும் காரணமில்லை. தாய்க் கம்பெனி எம்பிரேசருக்கு வரவேண்டிய 200 கோடி டாலர் ஒப்பந்தம் கைநழுவியதும் சேர்ந்துகொண்டது. ஆனால் கேம் ஓடியிருந்தால் கத்தி வேறு கழுத்தைத் தேடியிருக்கும்.

யூபிசாஃப்ட். ஸ்டார் வார்ஸ் பெயரை வைத்து 2024இல் அவுட்லாஸ் விட்டார்கள். எதிர்பார்த்ததைவிட விற்பனை மந்தம் என்று கம்பெனியே ஒத்துக்கொண்டு, அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸை நவம்பரிலிருந்து தள்ளி, பிறகு மறுபடி தள்ளி 2025 மார்ச்சில் விட்டார்கள். அதே மாதம் தங்கள் மூன்று பெரிய தொடர்களையும் ஒரு துணைக் கம்பெனியில் போட்டு, அதில் 25 விழுக்காட்டை 116 கோடி யூரோவுக்குச் சீனக் கம்பெனி டென்சென்ட்டிடம் கொடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். நம் பாஷையில் சொன்னால் நகையை அடகு வைத்தார்கள்.

தென்னை உவமை அழகாக இருக்கிறது, கணக்குப்பிள்ளை. காய்க்கும் வரை வீட்டில் உலை எரிய வேண்டுமே. சிடி ப்ராஜெக்ட்டுக்கு விட்சர் 3 என்ற பழைய தோப்பு இருந்தது. வோலிஷனுக்கு இல்லை.

---

கணக்குப்பிள்ளை

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பாதியை ஒத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதி: மரம் காய்க்க வேண்டும் என்றால் கன்று பிழைக்க வேண்டும். ஃபோர்ஸ்போக்கன் கன்றே சரியில்லை. எட்டு வருடம் தள்ளுபடியில் வைத்தாலும் சுமாரான கேமை யாரும் நண்பனுக்குச் சொல்ல மாட்டான். நான் சொல்கிற பின்விற்பனை முழுவதும் வாய்வார்த்தையில் நடப்பது.

---

ரோச்சின்_லாடம்

அப்போது கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். கன்றையே சின்னதாக நட்டால்?

கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2. பிராகில் இருக்கும் வார்ஹார்ஸ். 2025 பிப்ரவரி 4 வெளியீடு. ஒரே நாளில் 10 லட்சம், இரண்டு வாரத்தில் 20 லட்சம். செலவு சுமார் 40 மில்லியன் டாலர் என்றார்கள். ஸ்பைடர்மேன் கணக்கில் எட்டில் ஒரு பங்கு! அது மட்டும் சின்ன கேமா என்ன? குட்டன்பெர்க் என்று ஒரு முழு நகரம், நூறு மணி நேரம். செக் நாட்டுச் சம்பளமும் கலிஃபோர்னியாச் சம்பளமும் ஒன்றில்லை என்பது ஒரு காரணம். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று பார்க்காதது இன்னொரு காரணம். குளிக்காமல் போனால் ஊரில் மதிக்க மாட்டார்கள், சேவ் பண்ணச் சாராயம் வேண்டும். இதெல்லாம் அமெரிக்க ஸ்டூடியோ மீட்டிங்கில் ஐந்து நிமிடம் தாங்காது.

---

பாலிகான்_கூலி

மறுபயன்பாட்டையும் சொல்லுங்கள். யாகுசா கேம்களில் கமுரோச்சோ என்ற ஒரே தெருக்கூட்டத்தை 2005இலிருந்து திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். புதுக் கடை ஒன்று, புதுக் கதை ஒன்று, பழைய சந்து அப்படியே. யாரும் திட்டவில்லை. சொந்த ஊருக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள். ஸ்பைடர்மேனிலும் மைல்ஸ் மொராலஸுக்கு அதே நியூயார்க்கைப் பனி தூவிக் கொடுத்தார்கள்.

நம் தொழிலில் மறுபயன்பாடு என்றால் சோம்பேறித்தனம் என்று ரெடிட்டில் ஸ்க்ரீன்ஷாட் போடுவார்கள். "இந்த நாற்காலி முந்தைய கேமிலும் இருந்தது." ஆமாம் அய்யா, இருந்தது. பதினோரு நாள் ஆனது.

அந்த ஸ்பைடர்மேன் 2, 1.1 கோடி விற்றதே? அது வெளியாகி நான்கே மாதத்தில் சோனி 900 பேரை அனுப்பியது. இன்சோம்னியாக்கிலும் ஆட்கள் போனார்கள். மேலே எல்லாரும் முதல் தேறியது, லாபம் வந்தது என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைகளுக்குப் பொருள் வேறு. கேம் ஓடாவிட்டால் ஆள் குறைப்பு. ஓடினால் அடுத்த கேம் தொடங்கும் வரை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க மனமில்லை, அப்போதும் ஆள் குறைப்பு. மாடல் கட்டுபவர்களுக்கு கேமின் கடைசி வருடத்தில் வேலையே இருக்காது. அடுத்த கேம் அப்போது பத்துப் பேர் உட்கார்ந்து காகிதத்தில் வரைகிற கட்டத்தில் இருக்கும். இடையில் இருக்கிற அந்தப் பள்ளத்தில் என் நண்பர்கள் எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள்!

---

உப்பளக்காற்று

அக்கா சொன்ன இந்தப் பள்ளம்தான் நான் தேடிக்கொண்டிருந்த விஷயம். செலவு 300 மில்லியன் என்பதுகூட இல்லை, ஆறு வருடத்துக்கு ஒரே ஒரு கல்லாப்பெட்டி திறக்கிறது. இடையில் வருமானமே இல்லை. எல்லாத் தப்பையும் ஒரே நாளில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை

சரியாகப் பிடித்தீர்கள். டிஎல்சி அந்தப் பள்ளத்தை மூட ஒரு பலகை. ஃபேன்டம் லிபர்டி வந்தபோது நகரம் தயார், எஞ்சின் தயார், ஆட்களும் அங்கேயே. புதிதாக டாக்டவுன் என்ற ஒரு பேட்டையும் கதையும். எல்டன் ரிங் காரர்களும் 2024இல் எர்ட்ட்ரீ டிஎல்சியில் அதையேதான் செய்தார்கள். ஆட்கள் கலையாமல் இருந்தார்கள் என்பதே பாதி லாபம்.

ராக்ஸ்டார் மட்டும் இந்தப் பலகையை எடுத்து ஆன்லைனில் போட்டுவிட்டது. போகட்டும், மட்டுறுத்துநர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

---

பழைய_டிஸ்க்

ஒரு சந்தேகம் ஜி. மேலே எழுதிய 2.2 கோடி காப்பியில், தள்ளுபடியில் வாங்கியவன், மூன்று வருடம் பொறுத்து வாங்கியவன், பேட்ச் எல்லாம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தவன், எல்லாரும் சேர்த்திதானே?

---

கணக்குப்பிள்ளை

சேர்த்திதான். அவர்கள்தான் பெரும்பாலும்.

---

பழைய_டிஸ்க்

அப்படியென்றால் முதல் பக்கத்தில் என்னைப் பூஜ்யம் என்றது?

---

கணக்குப்பிள்ளை

அது செகண்ட் ஹேண்ட் டிஸ்க்குக்கு. ஸ்டீம் சேலில் வாங்கினால் நீங்கள் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் தல.

---

பழைய_டிஸ்க்

போன தீபாவளி சமயத்தில் ஃபேன்டம் லிபர்டி வாங்கினேன். இன்னும் இன்ஸ்டால் பண்ணவில்லை, ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை. விட்சர் 4 வந்தால் யாராவது இங்கே ஒரு வரி போடுங்கள். அதற்கு மூன்று வருடம் கழித்து இன்னொரு வரி போடுங்கள்.